பழைய அமெரிக்க டிவி ஸ்பெஷல்களில் ஜாஸ்: வாழ வைத்ததா, வாட்டியதா?

#1 ஊசிமுனை

ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஜாஸ் கலைஞர்கள் வரும் துண்டுகளை மட்டும் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஒரு நகைச்சுவைக்காரர் வருவார், நாலு பெண்கள் ஆடுவார்கள், கார் விளம்பரம் வரும், அப்புறம் ஒரு டிரம்பெட்காரர் மூன்று நிமிடம் ஊதுவார், தொகுப்பாளர் அவர் தோளைத் தட்டி ஒரு ஜோக் அடிப்பார். முடிந்தது. விஸ்தாரமாகப் பல்லவி பாடக்கூடியவரைக் கூப்பிட்டு ஒரு துக்கடாவோடு அனுப்பிவைக்கிற மாதிரி.

ஒன்று சொல்கிறேன். 1952 பிப்ரவரி 24, டூமான்ட் டிவி நெட்வொர்க். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வருகிறார்கள். டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகையின் விருதை அவர்களுக்குக் கொடுப்பவர் ஏர்ல் வில்சன், கிசுகிசுப் பத்தி எழுதுகிறவர். 'பசங்களா, ஏதாவது சொல்லணுமா?' என்கிற தோரணையில் கேட்கிறார். பார்க்கர் முகத்தில் சலனமே இல்லை. பேச்சைவிட இசை உரக்கப் பேசும் என்பார்கள், அதிலேயே சொல்லிவிடுகிறோமே என்று மரியாதையாக வெட்டிவிட்டு 'ஹாட் ஹவுஸ்' எடுக்கிறார். அவர் வாசிக்கும்போதே ஒலியும் சேர்ந்து பதிவான படம் என்று இன்று நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். 1955இல் ஆள் போய்விட்டார். நவீன ஜாஸைப் படைத்த மனிதருக்கு டிவி விட்டுவைத்தது இவ்வளவு.

எதிர்முனையில் சி.பி.எஸ். நெட்வொர்க்கின் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்', 1957 டிசம்பர் 8. ஒரு மணி நேரம், லைவ். ஆட்டமும் இல்லை, ஜோக்கும் இல்லை. ஆக என் கட்சி இதுதான்: ஆட்டம், ஜோக், பாட்டு எல்லாம் கலந்த வெரைட்டி ஷோ ஜாஸைக் கெடுத்தது. அதிலிருந்து விலகி நின்ற இடத்தில்தான் டிவியில் ஜாஸ் உருப்பட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 கடைசிபெஞ்ச்

கார் விளம்பரத்தை ஏன் சார் திட்டுகிறீர்கள்? அந்தக் கார்க்காரன் காசு போடாவிட்டால் டிரம்பெட்காரருக்கு அந்த மூன்று நிமிடமும் கிடையாது.

#3 மாம்பலம் மணி

ஊசிமுனை, 'சவுண்ட் ஆஃப் ஜாஸ்' பற்றி இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். அது நெட்வொர்க்குக்கு வெளியே எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல. 'தி செவன் லைவ்லி ஆர்ட்ஸ்' என்று ஞாயிறுதோறும் வந்த தொடரில் ஒரு வாரம், அவ்வளவுதான். தொகுத்து வழங்கியவர் ஜான் கிராஸ்பி, பத்திரிகையில் டிவி விமர்சனம் எழுதியவர். வித்தியாசம் எங்கே என்றால், தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜ் யாரைக் கூப்பிடுவது என்கிற முடிவை நாட் ஹென்டாஃப், விட்னி பாலியட் என்ற இரண்டு ஜாஸ் எழுத்தாளர்களிடம் விட்டுவிட்டார். இயக்குநர் ஜாக் ஸ்மைட், கேமராக்காரர்கள் கண்ணில் பட்டதைப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். செட் என்று ஒன்றும் போடவில்லை. தொப்பி, சிகரெட், சும்மா நிற்கும் மைக் ஸ்டாண்டு எல்லாம் திரையில் தெரியும். சில காட்சிகளில் பக்கத்துக் கேமராவே தெரியும்.

பாடகி பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெலோ' பாடும் பகுதியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். நடுவில் உயரமான ஸ்டூலில் அவர். சுற்றி ஊதுகருவிக்காரர்கள்: பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ், ஜெரி மல்லிகன், விக் டிக்கன்ஸன், ராய் எல்ட்ரிட்ஜ், டாக் சீத்தம். வெப்ஸ்டர் முதலில் ஊதி முடிக்கிறார். அடுத்து லெஸ்டர் யங் எழுந்து வருகிறார். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. அதே நிகழ்ச்சியில் வாசித்த கவுண்ட் பேஸியின் பெரிய குழுவில் அவருக்கென்று வைத்த பகுதிகளைக்கூட வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு 'பார்' (தாள அளவு) கொண்ட ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். வேகமும் கிடையாது, வித்தையும் கிடையாது. கேமரா பில்லி முகத்துக்குப் போகிறது: லேசாகத் தலையாட்டுகிறார், புருவம் ஏறுகிறது, சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாத ஒன்று உதட்டில். இருவரும் இளமையில் உயிர் நண்பர்கள், பிறகு விலகிப்போனவர்கள். 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் பில்லி.

அப்புறம், இந்த நிகழ்ச்சியும் சுலபமாக நடந்துவிடவில்லை. போதை வழக்கில் சிறை போன பெண்ணை ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்குள் காட்டலாமா என்று மேலிடத்திலிருந்து சீட்டு வந்தது, அவர் இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று ஹெரிட்ஜ் நின்றார் என ஹென்டாஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

#4 ஊசிமுனை

மணி சார், இதெல்லாம் என் கட்சிக்குத்தானே பலம்? தொகுப்பாளர் ஒதுங்கினார், விளம்பரக்காரன் ஒதுங்கினான், இசை வந்தது.

அதே நிகழ்ச்சியில் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் 'ப்ளூ மங்க்' வாசிப்பார். பியானோவின் வளைவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எதிரே கவுண்ட் பேஸி, முகமெல்லாம் சிரிப்பாக. பேஸி தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது மங்க்குக்குப் பிடிக்கவே இல்லையாம். எந்த வெரைட்டி ஷோவில் இப்படி ஒரு காட்சி அமையும்?

#5 மாம்பலம் மணி

அமையும். அதே 1957, அக்டோபர் 13. 'தி எட்ஸல் ஷோ', சி.பி.எஸ். ஃபோர்டு கம்பெனியின் புதுக் காரை விற்பதற்காகவே எடுத்த ஒரு மணி நேர ஸ்பெஷல். பாடகர்கள் பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, ரோஸ்மேரி க்ளூனி, அவர்களோடு டிரம்பெட்காரர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். நீங்கள் எரிச்சல்படும் சமாசாரம் அத்தனையும் அதில் உண்டு. ஆனால் சினாட்ராவும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் 'பர்த் ஆஃப் த ப்ளூஸ்' எடுக்கும் இடத்தைப் பாருங்கள். சினாட்ரா ஒரு வரி பாட, ஆர்ம்ஸ்ட்ராங் அடுத்த வரியை நாலு சுரத்தில் நையாண்டி பண்ணிவிட்டு டிரம்பெட்டை எடுக்கிறார். அந்த நொடியிலிருந்து சினாட்ரா விருந்தாளி, ஆர்ம்ஸ்ட்ராங்தான் வீட்டுக்காரர்.

தேதியையும் கவனியுங்கள். அதற்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, செப்டம்பரில்தான் லிட்டில் ராக் பள்ளிக்கூட விவகாரம். கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விட மறுத்த ஆளுநரையும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜனாதிபதி ஐசனோவரையும் ஆர்ம்ஸ்ட்ராங் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாக வெளுத்து வாங்கினார். அரசாங்கம் தன்னை ரஷ்யாவுக்கு அனுப்பவிருந்த பயணமும் வேண்டாம் என்றார். பெரிய கலாட்டா. அந்தச் சூடு ஆறுவதற்குள் நாடு முழுக்கப் போகும் கார் விளம்பர ஸ்பெஷலில் வந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வைத்து அவரை 'வெள்ளைக்காரருக்குக் கூத்தாடுகிறவர்' என்றவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து நிற்கும் மனிதரின் சிரிப்பு அது.

கார்தான் போணியாகவில்லை. இரண்டு வருடத்தில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

#6 கடைசிபெஞ்ச்

கார் போய்விட்டது, விளம்பரம் நிலைத்துவிட்டது!

#7 பனங்கூடல்

எல்லாரும் விருந்தாளியாக வந்த ஆக்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். சொந்தமாக நிகழ்ச்சி வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது?

ஹேசல் ஸ்கொட். ட்ரினிடாட்டில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்த பியானோக் கலைஞர். பாக், ராக்மனினோவ் போன்ற மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்களை எடுத்து அப்படியே ஜாஸ் ஆக்கி வாசிப்பா. பார்வையாளரை நிறம் பார்த்துப் பிரித்து இருத்தும் அரங்குகளில் வாசிக்கவே மாட்டன் என்று சொன்ன பெண். 1950இல் டூமான்ட்டில் அவவின் பேரிலேயே 15 நிமிட நிகழ்ச்சி வந்தது. அமெரிக்க ரீவியில் ஒரு கறுப்பினப் பெண் தன் பேரில் நிகழ்ச்சி நடத்தியது அதுதான் முதல் தடவை. அந்தக் கோடையில் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று ஒரு பட்டியலில் அவவின் பேரைப் போட்டார்கள். தானாகவே நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்கு முன் போய் மறுத்தா, கலைஞர்களைப் பட்டியல் போட்டு வேட்டையாடுவதைக் கண்டித்தும் பேசினா. ஒரு கிழமைக்குள் நிகழ்ச்சி நின்றுபோனது. இன்று பார்க்க ஒரு எபிசோடுகூட கிடைப்பதில்லை.

அடுத்தது கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல். 1956 நவம்பர் 5 என்.பி.சி. நெட்வொர்க்கில் தொடங்கி, பிறகு அரை மணி நேரமாக வளர்ந்த நிகழ்ச்சி. நாடு முழுவதற்குமான ஸ்பொன்சர் ஒருவரும் கடைசிவரை வரவில்லை. ரைன்கோல்ட் பியர் போலப் பிராந்திய விளம்பரதாரர்கள்தான். தெற்கு மாநிலத்து வாடிக்கையாளர் கோபிப்பார்களாம். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபொன்டே, பெகி லீ எல்லாரும் தங்கள் வழக்கமான சம்பளத்தை விட்டுவிட்டு, யூனியன் சொன்ன ஆகக்குறைந்த கூலிக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். அப்படியும் முடியவில்லை. 1957 டிசம்பர் 17 கடைசி நிகழ்ச்சி. மணி அண்ணா சொன்ன பில்லி ஹாலிடே ஒளிபரப்பு முடிந்து ஒன்பதாவது நாள். விளம்பர நிறுவனங்களின் தெருவான மேடிசன் அவென்யூ இருட்டுக்குப் பயப்படுகிறது என்று கோல் சொன்னார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஊசிமுனை தம்பி, உங்கட கேள்வியே எனக்குப் பிழையாகப் படுகிறது. வெரைட்டி ஷோ என்ற வடிவம் ஒரு தவறும் செய்யவில்லை. கோல் நடத்தியதும் வெரைட்டி ஷோதானே? ஒரு கிழமை ஒஸ்கார் பீட்டர்சன், கோல்மன் ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ் எல்லாரையும் கூப்பிட்டு வாசிக்க விட்டிருக்கிறார். பாருங்கள், அங்கே ஜாஸ் ஒன்றும் வாடவில்லை. காசு ஆரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

#8 ஊசிமுனை

பனங்கூடல் அக்கா, காசு யாரிடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடிவமும் அந்தக் காசுக்காக அமைந்ததுதானே? மூன்று நிமிடம் என்பது விளம்பர இடைவெளியை வைத்துப் போட்ட கணக்கு. கோல் ஷோவில் கோல் பெரும்பாலும் நின்றுகொண்டு பாடுகிறார். அந்த மனிதர் ஜாஸ் பியானோவின் பெரிய கைகளில் ஒருவர். பியானோ முன் உட்காருவது எப்போதாவதுதான்.

#9 டேப்ரெக்கார்டர்

தொழில்நுட்பம் பக்கத்திலிருந்து கொஞ்சம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

ஐம்பதுகளின் முதல் பாதியில் டிவி நிகழ்ச்சியைச் சேமிக்க ஒரே வழி கைனஸ்கோப். ஸ்டூடியோ மானிட்டருக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துத் திரையையே படம் பிடிப்பது. படம் மங்கலாக, ஓரம் வளைந்து, வெள்ளை எல்லாம் பூத்துப்போய்த் தெரிவது அதனால்தான். நியூயார்க்கில் லைவாக நடந்தது மேற்குக் கரைக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போக வேண்டுமே, அதற்காகப் பிடித்தார்கள். நாளை யாராவது பார்ப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆம்பெக்ஸ் கம்பெனியின் இரண்டு அங்குல வீடியோ டேப் 1956இல் வந்தது, அந்த நவம்பர் 30இல் சி.பி.எஸ். அதை ஒளிபரப்பில் பயன்படுத்தியது. மணி சார் சொன்ன எட்ஸல் ஷோவை மேற்குக் கரைக்கு டேப்பில்தான் அனுப்பினார்கள். ஆனால் டேப் விலை அதிகம். அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள்.

டூமான்ட்டின் கதை இன்னும் மோசம். அந்த நெட்வொர்க் ஐம்பதுகளிலேயே மூடிவிட்டது. அதன் பதிவுகளை எழுபதுகளில் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நியூயார்க் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார்கள் என்று நடிகை எடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் சாட்சி சொன்னார். ஹேசல் ஸ்காட்டைத் தேடிக் கிடைக்காதவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். பார்க்கர்–டிஸ்ஸி துண்டு தப்பியதே அதிசயம்.

இன்னொன்று. பாட்டை முன்பே பதிவுசெய்து ஓடவிட்டு, கேமரா முன் வாயசைப்பது வெரைட்டி ஷோக்களில் சகஜம். பாடகருக்கு அது பிரச்சினையில்லை. ஜாஸ் தனி வாசிப்பு அந்த நேரத்தில் பிறப்பது, அதற்கு எப்படி விரலசைப்பது? அதனால் ஜாஸ் ஆட்கள் வந்தால் பெரும்பாலும் லைவாகவே விட்டார்கள். பளபளவென்று ஒப்பனை போட்ட ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று இயக்குநருக்கே தெரியாத பகுதி அவர்களுடைய மூன்று நிமிடம்தான். டிரம்ஸ்காரர் அடுத்து எங்கே அடிப்பார் என்று தெரியாமல் கேமரா தடுமாறுவதைப் பல ஷோக்களில் பார்க்கலாம். எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடிக்கும்.

#10 நீலாம்பரி

இழைக்குப் புதியவள். அப்பா ஆர்ம்ஸ்ட்ராங் ரசிகர். அவரும் டிஸ்ஸியும் சேர்ந்து சிரித்துச் சிரித்துப் பாடும் ஒரு வீடியோ வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அது எந்த நிகழ்ச்சி? அவர்கள் இருவருக்கும் ஆகாது என்று எங்கோ படித்தேனே?

#11 மாம்பலம் மணி

நீலாம்பரி, அது 'டைமெக்ஸ் ஆல்-ஸ்டார் ஜாஸ் ஷோ'. கைக்கடிகாரக் கம்பெனி காசு போட்டு 1957 டிசம்பர் 30 தொடங்கி நான்கு ஸ்பெஷல்கள் வந்தன. நீங்கள் சொல்வது நான்காவது, 1959 ஜனவரி 7, தொகுப்பாளர் ஜாக்கி க்ளீசன். பாட்டு 'அம்ப்ரெல்லா மேன்'.

ஆகாது என்பதும் பொய்யில்லை. நாற்பதுகளில் டிஸ்ஸி போன்ற இளைஞர்களின் பீபாப் என்ற புதுவகை ஜாஸை ஆர்ம்ஸ்ட்ராங் கேலி செய்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் மேடைச் சிரிப்பையும் கர்ச்சீப்பையும் பழைய தோட்டத்து அடிமைக் காலத்துச் சங்கதி என்று டிஸ்ஸி சாடினார். ஆனால் இருவரும் நியூயார்க்கின் குவீன்ஸில் ஒரே வட்டாரத்தில் குடியிருந்தவர்கள், நாளாக நாளாகச் சினேகமானவர்கள். அந்த வீடியோவில் டிஸ்ஸியின் டிரம்பெட் வாய் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும், ஆர்ம்ஸ்ட்ராங்குடையது நேராக. டிஸ்ஸி பாட, ஆர்ம்ஸ்ட்ராங் இடையிடையே புகுந்து உறுமுவார். அப்புறம் இரண்டு டிரம்பெட்டும் கேள்வி பதிலாகப் போகும். டிஸ்ஸி வேகமாக ஒரு சங்கிலி விடுவார், ஆர்ம்ஸ்ட்ராங் இரண்டே சுரத்தில் பதில் சொல்லிவிடுவார்.

அதே ஷோவின் கடைசியில் மேடையில் இருக்கும் எல்லாரையும் சேர்த்து ஊதவிட்ட கூத்தை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே ஊசிமுனை சொல்வது சரி.

எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் பார்க்கக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். மெட்ராஸுக்கு டிவி வந்ததே 1975 ஆகஸ்டில். எங்களுக்கு ஜாஸ் என்றால் சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் வில்லிஸ் கோனவர், அந்த நிதானமான குரல். இந்த முகங்களையெல்லாம் கிழவனான பிறகுதான் பார்க்கிறேன்.

#12 ஊசிமுனை

நான் இன்னும் மசியவில்லை. 1971 ஜனவரி 24, எட் சல்லிவன் ஷோ. வெரைட்டி என்றால் அமெரிக்காவில் சல்லிவன்தான். அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஜாஸ் கலைஞர்கள் ராசான் ரோலண்ட் கர்க், லீ மார்கன் தலைமையில் ஒரு கூட்டம் 'மெர்வ் கிரிஃபின் ஷோ' அரங்குக்குள் பார்வையாளர்போலப் போய் உட்கார்ந்து, படப்பிடிப்பு நடுவே விசில் ஊதி நிகழ்ச்சியையே நிறுத்தியது. டிவியில் கறுப்பினக் கலைஞர்களுக்கும் ஜாஸுக்கும் இடம் கொடு என்பது கோரிக்கை. அவர்கள் இயக்கத்துக்குப் பெயர் 'ஜாஸ் அண்ட் பீப்பிள்ஸ் மூவ்மென்ட்'. அந்த அழுத்தத்தில்தான் சல்லிவன் ஷோவில் கர்க்குக்கு ஒரு இடம் கிடைத்தது. கூடவே சார்லஸ் மிங்கஸ், ஆர்ச்சி ஷெப், ராய் ஹெய்ன்ஸ். ஸ்டீவி வொண்டரின் சாதுவான காதல் பாட்டு ஒன்றை வாசிப்பார்கள் என்று ஷோக்காரர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். லைவ் தொடங்கியதும் இவர்கள் எடுத்தது மிங்கஸின் 'ஹைட்டியன் ஃபைட் சாங்'. கர்க் ஒரே நேரத்தில் மூன்று குழலை வாயில் வைத்து ஊதுகிறார். சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி வாசிப்பு.

விசில் ஊதி வாங்க வேண்டியிருந்தது, அதையும் ஏமாற்றித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இதை வெரைட்டி ஷோவின் பெருமை என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த வசந்தத்தோடு சல்லிவன் ஷோவும் முடிந்தது.

#13 டேப்ரெக்கார்டர்

பெருமை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் ஏன் விசிலோடு அங்கே போனது? கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போகும் வாசல் அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். 'சவுண்ட் ஆஃப் ஜாஸ்' மாதிரி தனி நிகழ்ச்சியைப் பார்க்க ஏற்கெனவே ஜாஸ் பிடித்தவன்தான் உட்காருவான். சல்லிவனை எல்லோரும் பார்த்தார்கள்.

ஹெரிட்ஜ் ஒன்றோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1959 ஏப்ரல் 2இல் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து, சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு 'ஸோ வாட்' வாசிக்க வைத்துப் பதிவுசெய்தார். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் இரண்டு ஒலிப்பதிவுகளுக்கு நடுவில் விழும் தேதி அது. குழுவின் இன்னொரு சாக்ஸபோன்காரர் கானன்பால் ஆடர்லி தலைவலியால் வரவில்லை. கோல்ட்ரேன் வாசிக்கும்போது மைல்ஸ் ஓரமாகப் போய் நின்று சிகரெட் பிடிக்கிறார். ஒளிபரப்பானது 1960 ஜூலையில்.

#14 பனங்கூடல்

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்டை விட்டுவிட்டுப் போக மாட்டன். 1967 நவம்பர் 13, என்.பி.சி. சினாட்ராவின் ஸ்பெஷல், எல்லாவும் பிரேசில்காரர் ஜோபிமும் கூட. எல்லாவும் சினாட்ராவும் சேர்ந்து ஸ்ரூடியோவில் ஒரு இசைத்தட்டுக்கூடப் போட்டதில்லை. அவர்கள் ஒன்றாகப் பாடுவதைக் கேட்க ரீவிதான் கதி. கடைசிப் பாட்டில் சினாட்ரா மெல்ல மெல்ல எல்லாவுக்கு வழி விட்டுக்கொண்டே போவதைப் பாருங்கள். இந்த வடிவம் இல்லாவிட்டால் இது இல்லை, தம்பி.

#15 மாம்பலம் மணி

அதே வரிசையில் என்னுடையது ஒன்று. 1970 அக்டோபர் 28, நாஷ்வில் ரைமன் அரங்கு, ஜானி கேஷ் ஷோ. 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகரின் நிகழ்ச்சியில் ஆர்ம்ஸ்ட்ராங். 1930இல் கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் 'ப்ளூ யோடல்' இசைத்தட்டு ஒன்றில் ஆர்ம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசித்திருந்தார். பியானோ ஆர்ம்ஸ்ட்ராங்கின் மனைவி லில். நாற்பது வருடம் கழித்து அதே பாட்டை கேஷ் பாட, இவர் வாசிக்கிறார். நீண்ட காலம் நோயில் படுத்திருந்து, அந்தச் செப்டம்பரில்தான் மேடையில் டிரம்பெட்டை மறுபடி தொட்டிருந்தார். ஊதுவதில் பழைய பலம் இல்லை, ஆனால் சுரம் விழும் இடம் ஒன்றும் மாறவில்லை. அடுத்த ஜூலை 6 காலமானார். கறுப்பின ஜாஸ்காரரும் தெற்கத்தி நாட்டுப்புறக்காரரும் ஒரே வேர் என்பதை ஏழு நிமிடத்தில் காட்டிவிட்டது அந்த ஷோ.

#16 நீலாம்பரி

அப்பாவிடம் 'சவுண்ட் ஆஃப் ஜாஸ்' எல்பி இசைத்தட்டு இருக்கிறது. நிகழ்ச்சியின் ஒலிதானே அது?

#17 டேப்ரெக்கார்டர்

இல்லை. அந்த கொலம்பியா எல்பி ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னால் தனியாகப் பதிவு செய்தது. கலைஞர்கள் பெரும்பாலும் அவர்களே, வாசிப்பு வேறு. லெஸ்டர் யங் அந்த ஒரு சுற்றை வாசித்த விதம் வேண்டுமென்றால் டிவி பதிவைத்தான் பார்க்க வேண்டும். யூடியூபில் தேடும்போது முழு நீளமுள்ளதாக எடுங்கள். தனியாக வெட்டிப் போட்டிருக்கும் துண்டுகளில், பாட்டுக்கு முன் ப்ளூஸ் என்றால் என்னவென்று பில்லி பேசும் அந்த ஒரு நிமிடம் பல சமயம் இருப்பதில்லை.

#18 கடைசிபெஞ்ச்

நான் வீட்டுப் பிள்ளைகளோடு பார்த்தது மப்பெட் ஷோ என்ற பொம்மை நிகழ்ச்சியில் ஜாஸ் டிரம்ஸ்காரர் பட்டி ரிச்சும் அனிமல் பொம்மையும் போட்ட டிரம்ஸ் போட்டி. பொம்மைதான் தோற்றது. ஊசிமுனை, இதுவும் ஜாஸைக் கெடுத்த கணக்கில் வருமா?

#19 ஊசிமுனை

அதற்கு மட்டும் விலக்கு.

#20 மட்டுறுத்துநர்

பி.பி.சி.யின் 'ஜாஸ் 625' பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். அது 1964இல் பி.பி.சி. 2க்காகத் தொடங்கிய தனி ஜாஸ் நிகழ்ச்சி, வெரைட்டி இல்லை. அதற்கு வேறு இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே அமெரிக்க ஸ்பெஷல்கள் மட்டும்.